கீற்றுத் தட்டி

சவாயித் தீவுக்கு வந்த முதல் வாரமே
பெயர் கைவிட்டுப் போனது.
ஸ்தூர்லா என்றால் இங்கே நாக்கு ஒத்துழைக்காது.
சிதுலா என்று பதிவேட்டில் எழுதினார்கள்.
ஓர் உயிர் கூடிற்று,
ஒரு மெய் தொலைந்தது.
பேருந்துக்காரர் கத்துவதும் இப்போது அதுதான்,
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

சீருடை, நீல லாவாலாவா.
மூன்றாம் நாள் கொடி வணக்கத்தின் நடுவே
முடிச்சு அவிழ்ந்தது.
உள்ளே கால்சட்டை இருந்தது,
ஐஸ்லாந்துப் பழக்கம் மானம் காத்தது.
பள்ளிக்கூடமே சிரித்து ஓய்ந்த மாலையில்
லாகி, நான் தங்கிய வீட்டின் மூத்தவன், என் வயதுதான்,
வீட்டுத் தூணுக்குத் துணி சுற்றி
முடிச்சுப் போட்டுக் காட்டினான்
பேசாமல்
பத்துத் தடவை.

தாமதமாகப் போனால்
நீளக் கத்தியால் மைதானத்துப் புல் வெட்ட வேண்டும்.
வேதியியலில் நான் சுமார்.
புல்லில் கெட்டி.

நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
வழியெல்லாம் நாய்கள், கூட்டமாக, பல்லோடு.
எறிய வேண்டாம், குனிந்தால் போதும்,
கல் எடுக்கிறாய் என்று ஓடிவிடும் என்றான் லாகி.
என் கட்டிலில், என் காலடியில் தூங்கும் ஒன்றை
ஊரில் விட்டுவிட்டு வந்தவன் நான்.
இரண்டே மாதத்தில் குனியப் பழகினேன்.

இந்த வீட்டுக்குச் சுவர் கிடையாது.
தூண்கள், மேலே கூரை, கீழே பாய்.
நான் சாப்பிடுவது, தூங்குவது,
லாகியின் கணக்கைப் பார்த்து எழுதுவது
எல்லாம் சாலைக்குத் தெரியும்.
எங்கள் ஊரில் கதவுக்குள் கதவு வைப்போம்.
இரண்டு மாதம் சூரியனே மலைக்குப் பின்னால்
தாழ் போட்டுக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா அழைத்தாள்.
அவளுக்கு இன்னும் வெள்ளி சாயங்காலம்.
ஸ்குக்கி போய்விட்டான், இன்று காலை, என்றாள்.
அவளுடைய இன்று காலை
என்னுடைய நேற்று இரவு.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
வேதியியல் ஆசிரியர் தும்முவதுபோல் லாகி நடித்துக்கொண்டிருந்தான்,
கோப்பையிலிருந்த கோகோ மூக்கில் ஏற
நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அழ இடம் தேடிக் கிளம்பினேன்.
கழிப்பறைக்கு முன் மூன்று பேர்.
கரையில் வலை உதறுகிறவர்கள்.
ஈரப்பலா மரத்தடி காலியாக இருந்தது,
ஆனால் என் பின்னாலேயே ஆறு சிறுபிள்ளைகள்
அடுத்து நான் என்ன செய்வேனென்று
பார்க்க வந்திருந்தார்கள்.
திரும்பி வந்து
சுவர்ப் பக்கமாய்ப் படுக்கலாம் என்று புரண்டேன்.
எந்தப் பக்கம் புரண்டாலும் ஊர்.

லாகியின் அம்மா ஃபுவாதினோ
துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
என்னவென்று கேட்கவில்லை. எழுந்தாள்.
மழைக்கு மட்டும் இறக்குகிற தென்னங்கீற்றுத் தட்டிகளை
ஒவ்வொன்றாய்க் கயிறு தளர்த்தி விட்டாள்.
சாலைப் பக்கம்.
கடல் பக்கம்.
தேவாலயப் பக்கம்.
வெயில் இழையிழையாய்க் கிழிந்து பாயில் விழுந்தது.
மடிக்காத துணியை அள்ளிக்கொண்டு
வெளியே கூழாங்கல்லில் போய் உட்கார்ந்தாள்.

வழியில் போன யாரோ கேட்டது
தட்டி இடுக்கில் காதில் விழுந்தது.
இவ்வளவு வெயிலில் எதற்குத் தட்டி?

மழை, என்றாள்.

கேட்டவர் வானத்தை ஒருமுறை பார்த்திருப்பார்.
வேறெதுவும் கேட்கவில்லை.
மாலையில் சங்கு ஊதி
ஊர் ஜெபத்துக்கு அடங்கும்வரை
அந்த வீட்டில் மட்டும் மழை.

திங்களன்று பள்ளிக்குப் போகிற வழியில்
காது கிழிந்த செம்பழுப்பு நாயொன்று
பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.
குனிந்தேன்.
கையை நீட்டினேன், கல்லுக்கு அல்ல.
அதற்கு எப்படித் தெரியும்.
ஓடிவிட்டது.

திரும்பி வருமென்று
கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன்.
அன்றைக்குப் புல்
முழங்கால் உயரம்.